துயிலில் துலங்கும் மூளை

நுழையும்முன்

உறங்கும் மனிதர் எதுவும் செய்வதில்லை என்பது வெளித்தோற்றம். கண்கள் மூடியிருக்கின்றன, தசைகள் தளர்ந்திருக்கின்றன, அழைத்தால் மறுமொழி இல்லை. ஆனால், அந்நேரத்தில் மண்டையோட்டுக்குள் ஒரு நீரோட்டம் வலுப்பெறுகிறது என்றும், பகலெல்லாம் மூளையில் சேர்ந்த கழிவுகளை அது வெளியேற்றுகிறது என்றும் அண்மைக்கால ஆய்வுகள் பல கூறுகின்றன. அந்நீரோட்டம் எவ்வாறு கண்டறியப்பட்டது, உறக்கம் குறைந்தால் நேர்வது என்ன, இதுகுறித்து அறிவியலாளரிடையே இன்றும் நிலவும் கருத்து வேறுபாடு யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கண்படை என்னும் புதிர்

துயில், உறக்கம், கண்படை, நித்திரை எனத் தமிழில் உறக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல. இவற்றுள் இன்று பெருவழக்காக உள்ள ‘தூக்கம்’ என்னும் சொல், தொங்குதல், அசைதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு அச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே பொருந்தும். தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘கண்படை நிலை’ என்றொரு துறை உண்டு. அரசன் அவையில் நெடுநேரம் தங்கிவிட்டபோது, அவன் துயில்கொள்ள வேண்டுமெனக் கருதி மருத்துவரும் அமைச்சரும் கூறுவது அத்துறை என்பர். அரசனை உறங்கச் சொல்வோர் வரிசையில் மருத்துவரும் இடம்பெறுவது கருதத்தக்கது.

உயிரியல் நோக்கில் உறக்கம் ஒரு பெரும்புதிர். உறங்கும் விலங்கு இரை தேட இயலாது. குட்டியைக் காக்க இயலாது. பகை நெருங்குவதை அறிய இயலாது. இவ்வளவு இடர் இருந்தும் பாலூட்டிகளும் பறவைகளும் உறக்கத்தைக் கைவிடவில்லை. டால்பின் மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். முழுமையாக உறங்கினால் மூழ்கிவிடும். அதனால் அது மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறுபாதியால் விழித்திருக்கிறது. உறக்கத்தை அறவே துறப்பதைவிட இப்படியொரு கடினமான ஏற்பாடு எளிதாக அமைந்திருக்கிறது என்றால், உறக்கத்தில் நிகழும் பணி ஒத்திவைக்க முடியாததாக இருத்தல் வேண்டும்.

அப்பணி ஒன்றன்று. கற்றவற்றை நினைவில் நிலைநிறுத்துதல், வளர்ச்சிக்குரிய ஹார்மோனைச் சுரத்தல் முதலியன நெடுநாளாகவே பேசப்பட்டு வருபவை. மூளையின் கழிவு நீக்கம் இவ்வரிசையில் பிந்திச் சேர்ந்தது.

வடிகால் இல்லாத உறுப்பு

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடல் எடையில் அது 2 விழுக்காடு. ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அடுப்பு எரியும் இடத்தில் சாம்பல் சேராமல் இராது. நரம்புச் செல்கள் இயங்குந்தோறும் லாக்டேட், சிதைந்த புரதத் துண்டுகள் போன்ற பொருள்கள் செல்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தில் வந்து சேர்கின்றன.

உடலின் பிற பகுதிகளில் இத்தகைய பொருள்களை அகற்றுவதற்குக் குருதி நாளங்களோடு நிணநீர் நாளங்களும் உள்ளன. திசுக்களில் தேங்கும் நீர்மத்தையும் புரதங்களையும் அவை வடித்தெடுத்து, நிணநீர் முடிச்சுகளில் வடிகட்டி, மீண்டும் குருதியில் சேர்க்கின்றன. அவ்வடிகால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை யானைக்கால் நோய் காட்டுகிறது. நுண்ணிய யானைக்கால் புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கி அவற்றைச் சிதைப்பதனால் நீர்மம் வடியாமல் தேங்குகிறது. கால் வீங்கிப் பருக்கிறது.

மூளைத் திசுவுக்குள் நிணநீர் நாளங்கள் இல்லை. மேலும், குருதியிலிருந்து மூளைக்குள்ளும் மூளையிலிருந்து குருதிக்குள்ளும் பொருள்கள் விருப்பம்போல் சென்றுவர முடியாதபடி, மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் இறுக்கமான தடுப்பாக அமைந்துள்ளன. சிறிய மூலக்கூறுகள் சில அத்தடுப்பைக் கடக்கும். வேறு சில தமக்கென அமைந்த கடத்திகளின் வழியே செல்லும். எஞ்சிய பெரிய புரதங்கள் எவ்வழியாக வெளியேறுகின்றன? அவை செல்களின் இடுக்குகளினூடே தாமாகவே மெல்லப் பரவிச் செல்கின்றன என்பதே நெடுங்காலம் தரப்பட்ட விடை. ஆனால், பெரிய மூலக்கூறு ஒன்று அவ்வாறு சில மில்லிமீட்டர் கடப்பதற்கே நெடுநேரம் ஆகும். மூளையின் அளவை நோக்க அவ்விடை நிறைவு தருவதாக இல்லை.

கண்ணெதிரே இருந்த நீர்

விடையின் ஒரு பகுதி கண்ணெதிரேயே இருந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள தெளிந்த நீர்மத்தை நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமெனிகோ கொட்டுன்யோ 1764ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். இதுவே மூளைத் தண்டுவடத் திரவம். மூளையின் உள்ளறைகளில் உள்ள நுண்குழாய்ப் பின்னல்கள் இதனைச் சுரக்கின்றன. மூளை இத்திரவத்தில் மிதப்பதனால் அதன் எடை ஏறத்தாழ 50 கிராம் அளவினதாகவே உணரப்படுகிறது. இல்லையேல், மூளை தன் எடையாலேயே தன் அடிப்பகுதியை நசுக்கிக்கொள்ளும்.

அதிர்ச்சி தாங்கும் மெத்தை என்றே மாணவர்கள் இத்திரவத்தைப்பற்றிப் படித்துவந்தனர். ஆனால், ஒரு கணக்கு அவ்விளக்கத்தோடு பொருந்தவில்லை. எந்நேரத்திலும் உடலில் உள்ள இத்திரவத்தின் அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்; ஒரு நாளில் சுரக்கும் அளவோ ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அஃதாவது, நாளொன்றுக்கு மூன்று முறைக்குமேல் இத்திரவம் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. வெறும் மெத்தையை ஏன் இத்தனை முறை மாற்ற வேண்டும்?

1985ஆம் ஆண்டில் பேட்ரிசியா கிரேடி, மார்ஷல் ரென்னல்ஸ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் விலங்குகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஒரு தடங்காட்டிப் பொருளைச் செலுத்தினர். சில நிமிடங்களுக்குள்ளாகவே அது குருதி நாளங்களை ஒட்டியவாறு மூளையின் ஆழத்துக்குச் சென்றிருந்தது. மூளைக்குள் விரைவான நீர்வழி ஒன்று இருக்கவேண்டும் என அவர்கள் கருதினர். வேறு சிலர் செய்த சோதனைகளில் அத்தகைய விரைவு தென்படவில்லை. அக்கால ஆய்வுகளில் பெரும்பாலும் மூளையை எடுத்துச் சீவிப் பார்த்தே முடிவு காணவேண்டியிருந்தது. ஓடும் நீரை ஓடும்போதே காணும் கருவி இல்லை. அக்கருத்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது.

விண்மீன் செல்களின் பாதங்கள்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட் என்னும் டென்மார்க் நாட்டு அறிவியலாளரும், ஜெஃப்ரி இலிஃப் முதலிய அவர்தம் குழுவினரும் இவ்வினாவை மீண்டும் எடுத்துக்கொண்டனர். உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டில் ஒரு சிறு சாளரம் அமைத்து, இரு ஒளியன் நுண்ணோக்கியின் உதவியால் மூளையின் உட்பகுதியை அவர்கள் நோக்கினர். ஒளிரும் சாயம் கலந்த மூளைத் தண்டுவடத் திரவம் எங்கே செல்கிறது என்பதை, அது செல்லும்போதே பார்க்க முடிந்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர்தம் முடிவுகள் வெளிவந்தன.

மூளைக்குள் நுழையும் தமனி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. குழாய்க்குள் குழாய் செருகியதுபோன்ற அமைப்பு அது. உட்குழாயில் குருதி ஓடுகிறது. அதற்கும் புறச்சுவருக்கும் இடைப்பட்ட வெளியில் மூளைத் தண்டுவடத் திரவம் உள்நோக்கிச் செல்கிறது. இதயத் துடிப்பால் தமனிச் சுவர் விரிந்து சுருங்குந்தோறும் திரவம் உந்தப்படுகிறது. புறச்சுவராக அமைபவை ஆஸ்ட்ரோசைட்டுகள் என்னும் விண்மீன் வடிவச் செல்களின் பாதங்கள். இச்செல்கள் தம் நீண்ட கால்களை நீட்டிக் குருதி நாளங்களைப் போர்த்தியுள்ளன. அப்பாதங்களில் அக்குவாபோரின்-4 என்னும் நீர் வாயில்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. (செல்லுறையில் இத்தகைய நீர் வாயில்கள் உண்டு எனக் கண்டறிந்தமைக்காகவே பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.) திரவம் அவ்வாயில்களின் துணையுடன் மூளைத் திசுவுக்குள் புகுந்து, செல்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தோடு கலந்து, கழிவுகளை ஏந்திக்கொண்டு, சிரைகளை ஒட்டிய வழியே வெளியேறுகிறது என்பது அக்குழுவினர் தந்த விளக்கம். அக்குவாபோரின்-4 இல்லாதவாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளில் கழிவு நீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆஸ்ட்ரோசைட்டுகள் கிளியா என்னும் செல்வகையைச் சார்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ஃப் விர்ச்சோ அவற்றுக்கு அப்பெயரை இட்டபோது, நரம்புச் செல்களை ஒட்டிவைக்கும் பசை என்ற பொருளிலேயே இட்டார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் அதுவே. பசை என்று ஒதுக்கப்பட்டவைதாம் வடிகால் அமைப்பின் சுவர்களாக விளங்குகின்றன. கிளியா என்பதையும் நிணநீர் மண்டலத்தைக் குறிக்கும் லிம்பாட்டிக் என்பதையும் இணைத்து, ‘கிளிம்பாட்டிக்’ அமைப்பு என நெடர்கார்ட் குழுவினர் இதற்குப் பெயரிட்டனர்.

உறங்கும் எலியும் விழித்த எலியும்

அடுத்த ஆண்டே, அஃதாவது 2013 அக்டோபரில், அக்குழுவைச் சார்ந்த லூலூ ஷீயும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய கவனத்தை ஈர்த்தது. நுண்ணோக்கியின்கீழ்க் கிடந்தவாறே அமைதியாக உறங்குவதற்குச் சுண்டெலிகள் முதலில் பழக்கப்பட்டன. அவை உறங்கும்போது ஒரு நிறச் சாயமும், எழுப்பப்பட்ட பின்னர் அதே எலிக்கு வேறொரு நிறச் சாயமும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தப்பட்டன. ஒரே எலி, ஒரே மூளை, இரு நிறங்கள். ஒப்பீட்டில் ஐயத்துக்கு இடம் குறைவு. உறக்கத்தில் செலுத்திய சாயம் மூளைக்குள் விரைந்து பாய்ந்தது. விழிப்பில் செலுத்திய சாயமோ பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிட்டது.

காரணம் என்ன? மூளையின் கொள்ளளவில் செல்களுக்கு இடைப்பட்ட வெளி எவ்வளவு என்பதை அவர்கள் அளந்தனர். விழிப்பில் அது ஏறத்தாழ 14 விழுக்காடு. உறக்கத்தில் 23 விழுக்காடு. இடைவெளி ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. பகலில் மக்கள் நெருங்கி நிற்கும் கடைத்தெருவில் துடைப்பத்தை நீட்டவும் இடமிராது. கூட்டம் கலைந்த பின்னரே தெருவைக் கூட்ட முடியும். விழிப்பில் மிகுதியாகச் சுரக்கும் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைத் தடுத்தபோது, விழித்திருந்த எலியின் மூளையிலும் இடைவெளி அகன்றது. எனவே, இம்மாற்றத்தை ஆளும் திறவுகோல்களுள் ஒன்று நார்அட்ரினலின் என்பது புலனாயிற்று. அமைலாய்டு பீட்டா என்னும் புரதம் விழித்த எலியைவிட உறங்கும் எலியின் மூளையிலிருந்து இருமடங்கு விரைவாக அகன்றதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

தெரிந்து தெளிவோம்

மூளையைப் போர்த்தியுள்ள உறைகளில் நிணநீர் நாளங்கள் உள்ளன என இத்தாலிய உடற்கூற்றியலாளர் பாவ்லோ மஸ்கான்யி 1787ஆம் ஆண்டில் குறிப்பிட்டார். பிற்காலத்தார் அதனை ஏற்கவில்லை. 2015ஆம் ஆண்டில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிப்னிஸின் ஆய்வகத்தில் பணியாற்றிய அன்டுவான் லூவோவும், தனித்து இயங்கிய பின்லாந்து நாட்டுக் குழு ஒன்றும் சுண்டெலியின் மூளை உறைகளில் அந்நாளங்களைக் கண்டறிந்தனர். மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஒரு பகுதி அவற்றின் வழியே கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் செல்கிறது. 228 ஆண்டுகள் கழித்து மஸ்கான்யியின் குறிப்புக்குச் சான்று கிடைத்தது.

தேங்கினால் நேர்வது

அமைலாய்டு பீட்டா எல்லா மனிதரின் மூளையிலும் நாள்தோறும் உண்டாகும் பொருள். அது அகற்றப்படும் வரையில் தீங்கில்லை. தேங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிவுகளாக இறுகும். 1906ஆம் ஆண்டு ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைக் குறித்து உரையாற்றினார். ஐம்பதைக் கடந்த அகவையில் நினைவிழந்து, தன் பெயரை எழுதவும் தடுமாறி இறந்தவர் அவர். அவர் மூளையில் அல்சைமர் கண்ட விசித்திரமான படிவுகளும் முறுக்கிய இழைகளும் இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோயின் அடையாளங்கள். படிவுகளில் அமைலாய்டு பீட்டாவும் இழைகளில் டௌ என்னும் புரதமும் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

உறக்கத்துக்கும் இப்புரதத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் எலிகளில்தான் தென்பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழுவினர், சுண்டெலியின் மூளை நீர்மத்தில் அமைலாய்டு பீட்டாவின் அளவு விழிப்பில் ஏறுவதையும் உறக்கத்தில் இறங்குவதையும் 2009ஆம் ஆண்டில் காட்டினர். 2018ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள், உடல்நலமுடைய 20 பேரை ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்து, பெட் ஸ்கேன் மூலம் அவர்தம் மூளையை நோக்கினர். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் அமைந்த பகுதியிலும் தலாமஸிலும் அமைலாய்டு பீட்டா ஏறத்தாழ 5 விழுக்காடு கூடியிருந்தது. இதனைக் கழிவு நீக்கம் குறைந்ததன் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் சரியன்று. விழித்திருக்கும் மூளை மிகுதியாக இயங்குவதால் அப்புரதத்தின் உற்பத்தியும் கூடியிருக்கலாம். தொட்டியில் நீர் ஏறியிருந்தால் வடிகால் அடைபட்டதா, குழாய் கூடுதலாகத் திறக்கப்பட்டதா என இரண்டையும் ஆராய வேண்டும்.

வடிகாலை நேரடியாக ஆராய்ந்தது நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்துக் குழு. மூளைத் தண்டுவடத் திரவம் தொடர்பான சிக்கல்களுக்காக மருத்துவமனைக்கு வந்திருந்த 24 பேரின் தண்டுவடத் திரவத்தில், அவர்தம் இசைவுடன், எம்.ஆர்.ஐ. படத்தில் புலப்படும் தடங்காட்டி ஒன்று செலுத்தப்பட்டது. அவர்களுள் 7 பேர் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தனர். அவர்கள் மூளையிலிருந்து தடங்காட்டி அகல்வது தாமதமாயிற்று. மறுநாள் இரவு அவர்கள் நன்கு உறங்கிய பின்னரும் அக்குறை ஈடாகவில்லை என்பது 2021ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வின் கவலைக்குரிய செய்தி. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. எனினும், இரவைப் பகலாக்கிவிட்டுப் பிறகு ‘சேர்த்துத் தூங்கிக்கொள்ளலாம்’ என்னும் எண்ணத்தை அது வினாவுக்கு உட்படுத்துகிறது.

நீண்டகால விளைவைக் காண இங்கிலாந்தில் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரைக் கால் நூற்றாண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஐம்பது, அறுபது அகவையில் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களிடையே, 7 மணி நேரம் உறங்கியவர்களைவிடப் பிற்காலத்தில் மறதிநோய் மிகுதியாகக் காணப்பட்டது. நடுவயது முதல் தொடர்ந்து குறைவாக உறங்கியோர்க்கு அவ்விடர் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல். குறைந்த உறக்கமே நோய்க்குக் காரணம் என்று இது மெய்ப்பித்துவிடவில்லை. மறதிநோய் வெளிப்படுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மூளையில் தொடங்கும் மாற்றங்கள் உறக்கத்தைக் கெடுக்கவும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து.

இருபது நொடிக்கோர் அலை

மனித மூளையில் இந்நீரோட்டத்தைக் காண்பது எளிதன்று. மண்டையோட்டில் சாளரம் அமைக்க இயலாது. 2019ஆம் ஆண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லாரா லூயிஸும் அவர்தம் குழுவினரும் இதற்கொரு வழி கண்டனர். மூளையின் மின்னலைகளைப் பதியும் தொப்பியை அணிந்துகொண்டு, இரைச்சல் மிக்க எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே உறங்குமாறு இளைஞர் 13 பேரைக் கேட்டுக்கொண்டனர். கனவில்லாத ஆழ்ந்த உறக்கத்துக்கு அவர்கள் செல்லும்போது, நரம்புச் செல்கள் பெருந்தொகையாக ஒரே நேரத்தில் ஓய்ந்து மீண்டும் ஒரே நேரத்தில் இயங்கலாயின. செல்கள் ஓயும்போது அவற்றுக்குத் தேவைப்படும் குருதி குறைகிறது. மண்டையோடு மூடிய பெட்டி. குருதி குறைந்த அளவுக்கு வேறொன்று உள்ளே வந்தாக வேண்டும். அவ்வெற்றிடத்தை நிரப்ப மூளைத் தண்டுவடத் திரவம் அலையாகப் பாய்ந்தது. ஏறத்தாழ 20 நொடிக்கு ஒருமுறை இது நிகழ்ந்தது. விழித்திருந்தபோது மூச்சின் போக்குக்கேற்ற சிற்றலைகளே தென்பட்டன.

ஒரு மறுப்பு

இவ்வளவும் படித்தவர், வினா முற்றுப்பெற்றது என எண்ணக்கூடும். அறிவியல் அவ்வளவு விரைவில் கோப்பை மூடுவதில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக்கலஸ் பிராங்க்ஸ் குழுவினர் நேர்மாறான முடிவொன்றை வெளியிட்டனர். சுண்டெலியின் மூளைத் திசுவுக்குள்ளேயே சாயத்தைச் செலுத்தி, அது அகலும் விரைவை அவர்கள் அளந்தனர். விழிப்பைவிட உறக்கத்தில் கழிவு நீக்கம் ஏறத்தாழ 30 விழுக்காடும் மயக்க மருந்தின்கீழ் ஏறத்தாழ 50 விழுக்காடும் குறைந்திருந்ததாக அவர்கள் கூறினர்.

இரு தரப்பினரும் திறமிக்கவர்; இரு தரப்பினரும் எலியைத்தான் ஆராய்ந்தனர். அளந்த முறைதான் வேறு. திரவம் வெளியிலிருந்து உள்ளே எவ்வளவு புகுகிறது என்பதை ஒரு சாரார் பார்த்தனர். உள்ளே இட்ட பொருள் எவ்வளவு அகல்கிறது என்பதை மற்றொரு சாரார் பார்த்தனர். மூளைத் திசுவுக்குள் ஊசியைச் செலுத்துவதே இயல்பான ஓட்டத்தைக் கெடுத்துவிடும் என்பது முதல் சாரார் எழுப்பும் தடை. மேற்பரப்பில் புகும் நீரைக் கொண்டு ஆழத்துக் கழிவின் நிலையை உரைக்க முடியாது என்பது மற்றவர் தரும் விடை. செய்தித்தாள்கள் ‘மூளையைக் கழுவும் உறக்கம்’ என்று ஒருநாளும், ‘அஃது உண்மையன்று’ என்று மற்றொருநாளும் எழுதுவதைக்கொண்டு அறிவியல் தடுமாறுகிறது எனக் கருதவேண்டியதில்லை. உறக்கம் மூளைக்குத் தேவையா என்பதில் இங்குக் கருத்து வேறுபாடு இல்லை. அத்தேவையுள் கழிவு நீக்கத்துக்குரிய பங்கு எவ்வளவு என்பதிலேதான் வேறுபாடு.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெடர்கார்ட் குழுவினர் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். ஆழ்துயிலில் நார்அட்ரினலின் ஒரே சீராகக் குறைந்துவிடாமல், ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அதற்கேற்பக் குருதி நாளங்கள் சுருங்கி விரிந்து திரவத்தை உந்துகின்றன என அவர்கள் சுண்டெலிகளில் கண்டனர். பலரும் பயன்படுத்தும் சால்பிடெம் என்னும் உறக்க மாத்திரையை அவ்வெலிகளுக்குத் தந்தபோது அவை விரைவில் உறங்கின. ஆனால், அவ்வலைகள் தணிந்தன; திரவ ஓட்டமும் குறைந்தது. உறங்குவதும் இயல்பாக உறங்குவதும் ஒன்றல்ல என்பது எலிகளின் அளவில் புலனாகியுள்ளது.

தேர்வுக்கு முந்தைய இரவு

பதின்வயதினர் இரவில் நேரங்கழித்து உறங்குவதும் காலையில் எழ மறுப்பதும் சோம்பல் எனப் பெரும்பாலான வீடுகளில் கடியப்படுகின்றன. அதில் உடலுக்கும் பங்குண்டு. உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் பதின்வயதில் குழந்தைப் பருவத்தைவிடப் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. மேரி கார்ஸ்கடான் முதலியோரின் ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கியுள்ளன. கலிஃபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன்னர்த் தொடங்கலாகாது எனச் சட்டம் இயற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தியது இவ்வாய்வுகளின் பயனே. 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. பிந்தி உறங்கும் உடலும் முந்தித் தொடங்கும் பள்ளியும் சேர்ந்தால் இந்நேரம் கிடைப்பது அரிது; தேர்வுக் காலத்தில் மேலும் அரிது.

இங்கு ஒரு நுட்பம் அறியத்தக்கது. ஓர் இரவின் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. திரவ அலைகள் ஓங்கும் ஆழ்துயில் பெரும்பாலும் முதல் சில சுற்றுகளிலேயே வந்துவிடுகிறது. கனவு மிக்க உறக்கம் விடியலை ஒட்டி நீள்கிறது. எனவே, நள்ளிரவில் படுத்து நான்கு மணிக்கு எழும் மாணவர் ஆழ்துயிலில் பெரும்பகுதியைப் பெற்றுவிடக்கூடும். அவர் இழப்பது விடியற்காலத்து உறக்கத்தையும், அதனோடு தொடர்புடைய நினைவுப் பணிகளில் ஒரு பகுதியையும். முழு இரவும் விழித்திருந்து படிப்பவரோ இரண்டையும் இழக்கிறார். பகலில் படித்தவற்றை ஹிப்போகாம்பஸ் மீளவும் ஓட்டிப் பார்த்து, நிலைத்த சேமிப்புக்கு அனுப்புவது ஆழ்துயிலில்தான். அவ்விரவில் படித்த பக்கங்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். அவற்றுள் மறுநாள் காலை எழுதுகோலுக்கு வந்து சேர்பவை எத்தனை என்பது வேறு கணக்கு.

விழித்திருக்க உதவும் காப்பிக்கும் தேநீருக்கும் இக்கதையில் இடமுண்டு. செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது எஞ்சும் பொருள்களுள் ஒன்று அடினோசின். விழித்திருக்கும் நேரம் நீள நீள அது மூளையில் சேர்கிறது. தனக்குரிய ஏற்பிகளில் அமர்ந்து ‘உறங்கு’ என உணர்த்துகிறது. காஃபீன் செய்வது அடினோசினை அகற்றுவதன்று. அது அமரவேண்டிய ஏற்பிகளில் தான் முந்தி அமர்ந்துகொள்கிறது. அடினோசின் அப்படியே இருக்கிறது, மேலும் சேர்கிறது, அறிவிப்பு மட்டும் மூளைக்கு எட்டுவதில்லை. உடலில் புகுந்த காஃபீனில் பாதி கழிவதற்கு வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு 11 மணிக்கு விளக்கை அணைக்கும்போதும் அவ்வேற்பிகளைப் பற்றிக்கொண்டிருக்கும்.